மேட்டில் அவிழணும், ரோட்டில் பூட்டணும்! ஜீப்புக்கு அடியில் ஒரு "காற்றுப் பூட்டு"

நாவலூர் வழியாக சனி, ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்சில் போகிறவர்கள் பார்த்து இருப்பார்கள். பெரிய டயர், உயர்ந்த பாடி, பின்னால் ஒரு ஸ்டெப்னி, மேலே ஒரு ஏணி. "புர்ர்" என்று ஜீப்புகள் வரிசையாகப் போகும்.

ஓட்டுகிறவர்களில் பலர் கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள். 5 நாள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை. 6-வது நாள் மேடு, பள்ளம், சேறு, பாறை என்று வண்டியை ஏற்றி இறக்கினால்தான் அவர்களுக்கு மனசு லேசாகும்.

இவர்களில் சிலருக்கு இப்போது ஒரு புது ஆசை. வண்டிக்கு அடியில் இருக்கும் ஒரு இரும்புக் கம்பியை, டிரைவர் சீட்டில் இருந்தபடியே ஒரு சுவிட்சைத் தட்டி "அவிழ்த்து" விட வேண்டும். வேலை முடிந்ததும் அதே சுவிட்சைத் தட்டி "பூட்டி" விட வேண்டும். இந்த வேலையைச் செய்வது காற்று!

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பூட்ட மறந்துவிட்டு பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஏறினால் என்ன ஆகும்? வண்டி குட்டிக்கரணம் போடும் அபாயம் இருக்கிறது.

"ப" வடிவக் கம்பி

அந்தக் கம்பிக்கு பெயர் ஸ்டெபிலைசர் ராடு. அநேகமாக எல்லா காரிலும் இது உண்டு. கார் வைத்திருக்கும் 10 பேரில் 9 பேர் இதைக் கண்ணால் பார்த்து இருக்க மாட்டார்கள். பள்ளத்தில் இறங்கும்போது முன்னால் "கடகட" என்று சத்தம் வந்தால், "லிங்க் ராடு போயிடுச்சு சார், புஷ் மாத்தணும்" என்று மெக்கானிக் சொல்வாரே, அது இந்தக் கம்பியோடு சேர்ந்த சாமான்தான்.

தமிழ் எழுத்து "ப" போல வளைந்த உருக்குக் கம்பி அது. நடுப்பகுதி வண்டியின் சேசிசில் ரப்பர் புஷ் போட்டு மாட்டப்பட்டு இருக்கும். ஒரு முனை இடது சக்கரத்தோடும், இன்னொரு முனை வலது சக்கரத்தோடும் இணைந்து இருக்கும்.

வண்டி வளைவில் திரும்பும்போது பாடி ஒரு பக்கமாகச் சாயும். மாநகர பஸ் வேகமாகத் திரும்பினால் நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்வது போலத்தான். அப்போது ஒரு பக்க ஸ்பிரிங் அமுங்கும். எதிர்ப்பக்க ஸ்பிரிங் நீளும். இந்த நேரத்தில் "ப" வடிவக் கம்பி முறுக்கிக்கொண்டு, "சாயாதே" என்று இழுத்துப் பிடிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் கம்பிக்கு வேலையே இல்லை. புஷ்சுக்குள் சும்மா சுழலும். ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கினால்தான் அது முறுக்கிக்கொள்ளும்.

இந்தக் கம்பிக்கு வயது 100-க்கு மேல் ஆகிறது. கனடா நாட்டைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவர் 1919-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந்தேதி இதற்கு காப்புரிமை பெற்றார்.

ரோட்டில் நண்பன், மேட்டில் எதிரி

ரோட்டில் உயிரைக் காக்கும் இதே கம்பி, பாறை மேட்டில் எதிரியாகி விடுகிறது.

வீட்டில் சமம் இல்லாத தரையில் நாலு கால் மேஜையைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். மேஜை ஆடும். ஜீப்பும் அப்படித்தான். இடது சக்கரம் பாறை மேல், வலது சக்கரம் பள்ளத்தில். பள்ளத்துச் சக்கரம் கீழே இறங்கி மண்ணைப் பிடிக்கப் பார்க்கும். கம்பி அதை மேலே இழுக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்.

தொங்கும் சக்கரம் சும்மா சுற்றும். டிபரன்சியல் பூட்டு இல்லாத வண்டியில் என்ஜின் சக்தி எல்லாம் அந்த சக்கரத்துக்கே போய்விடும். தரையில் இருக்கும் சக்கரம் கம்மென்று நிற்கும். வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

கம்பியை அவிழ்த்துவிட்டால் இரண்டு சக்கரமும் தன் போக்கில் ஏறி இறங்கும். நாலு சக்கரமும் தரையைப் பிடிக்கும். உள்ளே இருப்பவர்களுக்கும் குலுக்கல் குறையும்.

அந்தக் கால ஜீப்புகளில் இந்தத் தொல்லையே கிடையாது. பட்டை ஸ்பிரிங் போட்ட பழைய மகிந்திரா ஜீப்புகளில் ஸ்டெபிலைசர் ராடே இல்லை. அதன் வேகமும் குறைவு. இன்றைய ஜீப் 100 கிலோ மீட்டர் வேகத்தை அனாயாசமாகத் தாண்டுகிறது. கம்பி இல்லாமல் முடியாது.

அவிழ்க்க 3 வழி

முதல் வழி, கை வேலை. வண்டியை நிறுத்தி, கீழே குனிந்து, பின்னை உருவி, லிங்க் ராடைக் கழற்றி மேலே கட்டிவிடுவது. செலவு குறைவு. ஆனால் சேற்றில் படுக்க வேண்டும்.

இரண்டாவது வழி, மின்சார மோட்டார். அமெரிக்க ஜீப் கம்பெனி தனது ரேங்ளர் ரூபிகான் வண்டியில் 2007-ம் ஆண்டு மாடலில் இருந்து இதைக் கொடுத்து வருகிறது. டேஷ்போர்டில் ஒரு பட்டன். 4 சக்கர ஓட்டத்தில் இருக்கும்போது மட்டும் அவிழும். வேகம் மணிக்கு 29 கிலோ மீட்டரைத் தாண்டினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். ரூபிகான் வண்டி இந்தியாவில் 2020-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது.

இதில் ஒரு கோளாறு. மோட்டாரும் மின்சார பலகையும் வண்டிக்கு முன்னால், தாழ்வான இடத்தில் இருக்கின்றன. தண்ணீரிலும் சேற்றிலும் இறக்கினால் உள்ளே ஈரம் புகுந்து பழுதாவது உண்டு.

அதனால் வந்ததுதான் மூன்றாவது வழி. மோட்டாரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சிறிய காற்று சிலிண்டரைப் பொருத்துவது. தண்ணீர் பட்டு எரிந்துபோக அதற்குள் மின்சார சாமான் எதுவும் இல்லை என்பதே இதன் சிறப்பு.

பஸ் போடும் "புஸ்ஸ்"

காற்றால் ஒரு இரும்பை நகர்த்த முடியுமா என்று சந்தேகப்பட வேண்டாம். பஸ் நிற்கும்போது "புஸ்ஸ்" என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அது காற்று பிரேக். அத்தனை பேரை ஏற்றிய பஸ்சையே காற்று நிறுத்துகிறது. ஒரு பூட்டைத் தள்ளுவதா கஷ்டம்?

சென்னைக்கு இந்த வித்தை புதிது அல்ல. பாடியில் சுந்தரம் கிளேட்டன் கம்பெனி 1962-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. லாரி, பஸ்களுக்கு காற்று பிரேக் செய்வதற்கென்றே இங்கிலாந்து கம்பெனி ஒன்றின் கூட்டுறவோடு வந்தது அது.

ஜீப்பில் இது வேலை செய்யும் விதம் இப்படி:

"ப" வடிவக் கம்பி நடுவில் இரண்டு துண்டாக இருக்கும். இரண்டு முனையிலும் பல் வெட்டு. மேலே ஒரு பல் வளையம். வளையம் இரண்டு துண்டின் மீதும் உட்கார்ந்து இருந்தால், கம்பி ஒரே கம்பி. வளையம் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டால், இரண்டு துண்டும் தனித்தனி.

வளையத்தை நகர்த்தக் காற்று. திருப்பிக் கொண்டுவர ஸ்பிரிங். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் காற்றைத் தயாரிக்கும். அழுத்தம் சுமார் 100 பவுண்டு. கார் டயரில் அடிப்பது 30 பவுண்டு சொச்சம் என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சக்தி புரியும். சுவிட்சைத் தட்டினால் சோலனாய்டு வால்வு திறக்கும். காற்று குழாய் வழியாக ஓடி சிலிண்டரைத் தள்ளும். கம்பி அவிழும்.

வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

இங்கே ஒரு முக்கியமான விஷயம். குழாய் வெடித்துக் காற்று இறங்கிவிட்டால் கம்பி பூட்டிக்கொள்ளுமா, அவிழ்ந்துகொள்ளுமா?

லாரியின் பார்க்கிங் பிரேக்கைப் பாருங்கள். காற்று இருந்தால்தான் பிரேக் விடும். காற்று போனால் ஸ்பிரிங் பாய்ந்து பிரேக் பிடித்துக்கொள்ளும். எப்போது கெட்டாலும் பத்திரமான பக்கமாகவே கெட வேண்டும் என்பது அதன் தத்துவம்.

ஜீப்புக்கும் அதே நியாயம்தான். காற்று போனால் ஸ்பிரிங் தள்ளிப் பூட்ட வேண்டும். அப்படி இல்லாமல், காற்று இருந்தால்தான் பூட்டு நிற்கும் என்கிற செட்டை யாராவது விற்றால், அதை வாங்காமல் இருப்பதே நல்லது.

இன்னொரு கேள்வி: வேகம் கூடினால் தானாகப் பூட்டுமா? கம்பெனி கொடுக்கும் மின்சார அமைப்பில் அந்த வசதி இருக்கிறது. வெளியில் வாங்கிப் போடும் காற்று செட்டில் வெறும் சுவிட்ச் மட்டும் இருந்தால், ஞாபகம் வைத்துப் பூட்ட வேண்டியது டிரைவர்தான்.

பொருத்தும் முறை

சமதளமான தரையில் வண்டியை நிறுத்த வேண்டும். பின் சக்கரத்துக்கு கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு போட்டு நிறுத்தியபிறகுதான் கை வைக்க வேண்டும்.

ஒரு பக்க சக்கரம் மட்டும் தூக்கி இருக்கும்போது லிங்க் ராடைக் கழற்றக் கூடாது. கம்பி முறுக்கேறி இருக்கும். நட்டைக் கழற்றியதும் விசையோடு அடிக்கும். கை விரல் போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருந்தால் கம்பி தளர்ந்து இருக்கும்.

பழைய கம்பியை எடுத்து, புதியதை மாட்டியபிறகு குழாய் இழுக்க வேண்டும். சைலன்சர் பக்கம் போனால் நைலான் குழாய் உருகிவிடும். ஸ்டியரிங் ராடு பக்கம் போனால் அறுந்துவிடும். சேசிசை ஒட்டி கிளாம்ப் போட்டுக் கொண்டுபோக வேண்டும். சக்கரம் முழுக்க கீழே தொங்கும்போதும், முழுக்க மேலே ஏறும்போதும், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பும்போதும் குழாய் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்ப்ரசருக்கு தனி பியூஸ், தனி ரிலே அவசியம். ஹாரன் ஒயரில் இருந்து கரண்ட் எடுக்கும் வேலை எல்லாம் ஆகாது.

எல்லாம் முடிந்ததும் சோப்புத் தண்ணீர். ஒவ்வொரு இணைப்பிலும் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழ் விடும். சைக்கிள் பஞ்சர் பார்க்கும் அதே வித்தை! முதல் 100 கிலோ மீட்டர் ஓடியபிறகு எல்லா நட்டுகளையும் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும்.

"பூட்டியாச்சு"ன்னு நினைக்காதீங்க!

இதில்தான் பெரிய ஏமாற்றம் இருக்கிறது. சுவிட்சை அணைத்த உடனே கம்பி பூட்டிக்கொண்டது என்று அர்த்தம் இல்லை.

வண்டி கோணலாக நின்றால் இரண்டு துண்டிலும் உள்ள பல் வெட்டுகள் நேராக இருக்காது. வளையம் ஏற முடியாமல் வெளியிலேயே நிற்கும். வண்டி சமதளத்துக்கு வந்து, நேராகக் கொஞ்ச தூரம் உருண்ட பிறகுதான் "டக்" என்று உட்காரும். இடையில் மண்ணும் சேறும் அடைத்து இருந்தால் அதுவும் நடக்காது.

ஆகவே சுவிட்ச் லைட்டை நம்பக் கூடாது. வளையம் உண்மையிலேயே உட்கார்ந்து விட்டதா என்று காட்டும் தனி விளக்கு டேஷ்போர்டில் வேண்டும். அதுவும் இல்லை என்றால் இறங்கி, குனிந்து, கண்ணால் பார்க்க வேண்டும்.

பட்டறைக்கு இந்த ஆசையோடு ஒருவர் வந்தால் பேச்சு எப்படிப் போகும்? இப்படி வைத்துக்கொள்ளலாம்:

"அண்ணே, இதை மாட்டினா வண்டி எங்க வேணாலும் ஏறுமா?"

"ஏறுறது இருக்கட்டும் சார். ஏறிட்டு வீட்டுக்கு எப்படிப் போவீங்க?"

"ரோட்ல தான் போவேன்."

"அதான் கேக்குறேன். ரோட்ல ஏறுறதுக்கு முன்னாடி இறங்கிப் பாப்பீங்களா?"

"சுவிட்ச் ஆப் பண்ணிடுவேனே!"

"நான் கேட்டது சுவிட்ச் இல்ல சார். இறங்கிப் பாப்பீங்களா?"

இதற்கு "பார்ப்பேன்" என்று தயங்காமல் சொல்கிறவருக்குத்தான் இந்த சாமான்.

வேகம் 2 மடங்கு, ஆபத்து 4 மடங்கு

நாவலூர் டோல்கேட்டில் முன்பு எல்லா வண்டியும் வேகத்தைக் குறைத்து நின்று போகும். 2023-ம் ஆண்டு அக்டோபர் 19-ந்தேதி முதல் அங்கு கட்டணம் வசூலிப்பது நிறுத்தப்பட்டது. இப்போது வண்டிகள் நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

இந்த ரோட்டில் திடீரென்று மாடு குறுக்கே வரும். ஷேர் ஆட்டோ சடக்கென்று ஓரம் கட்டும். ஸ்டியரிங்கை வெட்டித் திருப்ப வேண்டி வரும்.

ஒரே வளைவில் 40 கிலோ மீட்டர் வேகத்தில் திரும்புவதை விட 80 கிலோ மீட்டரில் திரும்பினால், வண்டியைச் சாய்க்கும் சக்தி 2 மடங்கு அல்ல, 4 மடங்கு. ஜீப்போ உயரமான வண்டி. பெரிய டயர் போட்டு இன்னும் உயர்த்தி இருப்பார்கள். மேலே கேரியரில் சாமான் இருக்கும். சாய்வைப் பிடித்து நிறுத்தும் கம்பியும் அவிழ்ந்து கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

"கம்பெனியிலேயே கவிழாமல் தடுக்கும் கம்ப்யூட்டர் கொடுத்து இருக்கிறார்களே?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர், கம்பி பூட்டி இருக்கிறது என்ற கணக்கில் தயாரானது. கம்பி அவிழ்ந்து கிடக்கும் சங்கதி அதற்குத் தெரியாது.

யாருக்கு லாபம்?

நாவலூரில் இருந்து கேளம்பாக்கம், வண்டலூர் பக்கமாகப் போனால் செங்கல்பட்டு அருகே மகிந்திரா சிட்டி. அங்குள்ள ஆராய்ச்சி மையத்தில் உருவானதுதான் 2020-ம் ஆண்டு வந்த புதிய தார் ஜீப். இந்தப் பகுதி இளைஞர்களின் செல்ல வண்டியும் அதுதான்.

அந்த தார் வண்டியில் முன் சக்கரங்கள் தனித்தனி கையில் தொங்குகின்றன. இரண்டையும் இணைக்கும் ஒரே அச்சு முன்னால் கிடையாது. அதனால் முன் கம்பியை அவிழ்த்தாலும், அந்தக் கைகளின் நீளமும் அச்சு மூட்டும் அனுமதிக்கும் அளவுக்குத்தான் சக்கரம் இறங்கும். கிடைக்கும் லாபம் கொஞ்சம்தான்.

முன்னாலும் ஒரே உறுதியான அச்சு உள்ள ரேங்ளர், 2023-ல் வந்த ஜிம்னி போன்ற வண்டிகளில்தான் அவிழ்ப்பதன் பலன் நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்பதற்காக எல்லாரும் போடுவதில் அர்த்தம் இல்லை.

6 மாத ஜெயில்!

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகன சட்டத்தின் 52-வது பிரிவு. கேரளாவில் இருந்து வந்த வழக்கு ஒன்றில், 2019-ம் ஆண்டு ஜனவரி 9-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது.

அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத மாற்றத்தைச் செய்யும் வண்டி சொந்தக்காரருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம். வெளியில் இருந்து வாங்கிப் பொருத்தும் பாகங்களையும் இந்தப் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

"ஆர்.சி. புத்தகத்தில் ஸ்டெபிலைசர் ராடு பற்றி எழுதவே இல்லையே" என்று வாதாடலாம். அந்த வாதத்தை கோர்ட்டு வாசலில் போய்ச் செய்வதை விட, சாமான் வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டு விபத்து நடந்தால், நஷ்டஈடு கேட்கும் நேரத்தில் வம்பு வரும்.

கடற்கரைக்கு வேண்டாம்

கோவளம், மாமல்லபுரம் மணலில் ஓட்டுவதற்காக இதை மாட்ட நினைப்பவர்களும் இருக்கலாம். அவர்களுக்கு இரண்டு செய்தி.

ஒன்று, மணலுக்கும் இந்தக் கம்பிக்கும் சம்பந்தம் இல்லை. மணலில் வண்டி மாட்டுவது சக்கரம் தொங்குவதால் அல்ல, புதைவதால். அங்கே டயரில் காற்றைக் குறைப்பதுதான் வைத்தியம்.

இரண்டு, இந்தக் கடற்கரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் இடம். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜீப் சக்கரம் ஏறினால் அத்தனையும் நாசம். 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள பிராணி அது. வழக்கு வந்தால் சாதாரண வழக்காக இருக்காது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவதும் குற்றம்தான்.

சொந்த நிலத்திலோ, அனுமதி பெற்று நடத்தும் பந்தயத் திடலிலோ ஓட்டினால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ரோட்டில் ஏறும் முன்

மேட்டு ஓட்டம் முடிந்து ரோட்டுக்கு வருகிறவர்கள் செய்ய வேண்டியது 4 காரியம்.

சமதளத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். சுவிட்சை அணைத்து, நேராகப் பத்து அடி உருட்ட வேண்டும். இறங்கிக் குனிந்து வளையம் உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். டயரில் குறைத்த காற்றைத் திரும்ப அடிக்க வேண்டும்.

காற்று அடிக்க கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கிறது. டயருக்கு காற்று ஏறும் அந்த 10 நிமிஷத்தில் கீழே குனிந்து பார்த்துவிடலாம். பின் சீட்டில் பெண்டாட்டி, பிள்ளைகள் உட்கார்ந்து இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கம்பி பற்றியும் தெரியாது, காற்று பற்றியும் தெரியாது. பார்த்துப் பூட்ட வேண்டியது ஸ்டியரிங்கைப் பிடித்தவர்தான்.